சென்னியப்பனின் ஹெட்டர்

பில்ட் பச்சையாக வந்தால் அதைச் செய்தவரை யாரும் கண்டுகொள்வதில்லை. பிழை என்று சிவப்பாக வந்தால் மட்டும் மாடி முழுக்க அவர் மேசையைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டு, காபி ஆறிவிடும் என்று கலைந்து போகும். கோவை சரவணம்பட்டியில், அந்த நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், சுடர்க்கொடிக்கு இந்த மரியாதை பழகிப்போயிருந்தது. அந்தப் புதன்கிழமை காலை அவள் திரை மேலிருந்து கீழ்வரை சிவந்து கிடந்தது.

அவர்கள் செய்வது துணைமூளை. விபத்திலோ பக்கவாதத்திலோ மூளையில் ஒரு பகுதி செத்துப்போனவர்களுக்குக் காதின் பின்னால் பதிக்கிற நகத்தளவு சில்லு. செத்த பகுதி செய்துவந்த வேலையை அது எடுத்துச் செய்யும். உள்ளே ஓடுகிற நிரல் எல்லாருக்கும் ஒன்றுதான். எதற்குக் கோபம் வரும், எதற்குச் சிரிப்பு வரும், எதிரே ஒருவர் அழுதால் என்ன செய்யத் தோன்றும் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். அந்த இயல்பை ஸ்கேனிலிருந்து எடுத்து ஹெட்டர் என்ற தனிக் கோப்பில் வைத்திருப்பார்கள். கம்பைலர் இரண்டையும் சேர்த்துச் சில்லுக்குப் புரிகிற மாதிரி சமைத்துத் தரும். அந்தச் சமையலுக்குப் பெயர்தான் பில்ட்.

பழைய கம்பைலரில் ஓட்டை இருப்பதாகக் கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமைக்குள் எல்லா நோயாளிகளுக்கும் புதிய கம்பைலரில் சமைத்துக் கொடுத்தாக வேண்டும் என்று மேலிடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் பழைய பில்ட் எதுவும் சில்லில் ஓடாது. ஓடாவிட்டால், படுத்தவர் படுத்தபடி, பேசாமல், யாரையும் அடையாளம் தெரியாமல் கிடப்பார். புதிய கம்பைலரோ ஹெட்டர்களைத் தேடுகிற இடத்தையே மாற்றிக்கொண்டுவிட்டது. பழைய இடத்தில் கோப்புகள் பத்திரமாக இருக்க, அது வேறெங்கோ போய்த் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று கையை விரித்தது.

சுடர்க்கொடி அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினாள். இதோ இங்கே தேடு என்று பாதையைக் காட்டினாள். மதியத்துக்குள் சிவப்பெல்லாம் பச்சையாகிவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் அடம்பிடித்தது.

"யாரது, நம்ம மாப்பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே ஹபீப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குழுவின் தலைவன் அவன்தான். உக்கடத்துக்காரன். கேலி பேசினாலும் அடுத்தவர் வேலையில் பாதியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற ரகம்.

"சென்னியப்பன். திருச்செங்கோடு. போர்வெல் ரிக் வண்டி வச்சிருந்தவர். குழாய் தலையில விழுந்து அடிபட்டவர். அவரோட ஃபோல்டர் காலி, ஹபீப்."

"காலின்னா?"

"காலின்னா காலி. ஹெட்டரே இல்ல."

"அதெப்படி? ஆறு வருஷமா அவருக்கு பில்ட் போயிட்டுத்தானே இருக்கு. ஒரு தடவகூட சிவப்பு வந்ததில்லையே. ஹெட்டர் இல்லாம எப்படிப் பச்சை வரும்?"

அதே கேள்வி சுடர்க்கொடிக்கும் ஏற்கெனவே எழுந்திருந்தது. பச்சை வந்தால் ஏன் வந்தது என்று கேட்காமல் இருப்பது அவர்கள் தொழிலின் வழக்கம். கேட்டால் வேலை கூடும் என்ற பயம். ஆறு வருடமாக யாரும் கேட்கவில்லை.

பழைய கம்பைலரின் அமைப்பைத் திறந்து பார்த்தாள். நோயாளியின் ஃபோல்டரில் ஹெட்டர் கிடைக்காவிட்டால், சத்தம் போடாமல் தன்னை நிறுவிய ஃபோல்டருக்குள் போய்த் தேடுவது அதன் பழக்கம். எல்லாருடைய ஹெட்டருக்கும் கோப்பின் பெயர் ஒன்றே என்பதால், அங்கே எது கிடைக்கிறதோ அதை எடுத்துச் சமைத்துவிடும். அந்தப் பொது ஃபோல்டரில் ஒரே ஒரு ஹெட்டர் இருந்தது. உரியவர் என்ற இடத்தில் இருந்த பெயர், அறவாழி.

அவள் திரையைவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

அறவாழி அவள் கணவன். நிறுவனம் தொடங்கிய நாளில் இந்தக் கம்பைலரை அமைத்ததும் அவன்தான். சோதித்துப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் மூளை மாதிரி வேண்டும் என்றபோது, "என்னோடது சும்மாத்தானே கிடக்கு" என்று ஸ்கேனருக்குள் போய்ப் படுத்தவனும் அவன்தான். முதல் நோயாளி வருவதற்குள் அந்த மாதிரியை அங்கிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது பேச்சு. நீக்க வேண்டியவன், அதற்கு முந்தைய மாதம், அலுவலகப் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழவில்லை. மாரடைப்பு. அதற்குப் பிறகு அவள் அந்தப் படிக்கட்டில் ஏறியதே இல்லை. மின்சாரம் போன நாட்களில்கூட லிஃப்ட் முன்னால் நின்று காத்திருப்பாள்.

"அப்ப அந்த திருச்செங்கோட்டுக்காரர்..." ஹபீப் முடிக்கவில்லை. தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டை மேசைமேல் வைத்துவிட்டான்.

"ஆமா."

"அவரோட நிஜ ஹெட்டர் எங்க போச்சு?"

அதைத் தேடிப் பிடிக்க அதிக நேரமாகவில்லை. நம் ஊரில் மட்டும் நடக்கக்கூடிய கூத்து அது. மருத்துவமனைக்காரர்கள் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு, மு. சென்னியப்பன் என்று ஒரு ஃபோல்டர் திறந்து ஹெட்டரை அதில் போட்டிருந்தார்கள். நிறுவனத்தில் இனிஷியலைப் பின்னால் போட்டு, சென்னியப்பன் மு. என்று இன்னொன்று திறந்திருந்தார்கள். கம்பைலர் இரண்டாவதில் போய்ப் பார்த்து, காலியாக இருக்கக் கண்டு, பொது ஃபோல்டருக்குப் போயிருக்கிறது. சென்னியப்பனின் இயல்பெல்லாம் அடங்கிய கோப்பு ஒரு முறைகூடத் திறக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"விஷயம் முடிஞ்சுது சுடர். பாதைய மாத்திட்டு பில்ட் குடு" என்றான் ஹபீப். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "இல்லன்னா நான் மாத்தறேன். நீ வீட்டுக்குப் போ."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கே. நாளைக்குப் போய் ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

"எதுக்கு?"

"சில்லு சரியா இருக்கான்னு பாக்க."

ஹபீப்புக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்தும் தலையாட்டினான்.

மறுநாள் திருச்செங்கோட்டுக்குப் போகிற பேருந்தில் சுடர்க்கொடி தன்னைத்தானே அதட்டிக்கொண்டே போனாள். ஹெட்டரில் நினைவு எதுவும் கிடையாது. கல்யாணம், பேர், ஊர், தன் முகம், எதுவும் அதில் இல்லை. இயல்பு மட்டும்தான். எவனோ ஒருவன் தன் புருஷனைப் போலக் கோபப்படுவான், தன் புருஷனைப் போலச் சிரிப்பான், அவ்வளவுதான். அதைப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? இப்படியெல்லாம் நியாயம் பேசினாலும், பேருந்து சங்ககிரியைத் தாண்டியபோது அவள் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டாள். வாரிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. வெட்கத்தில் அழுகை வந்தது.

சென்னியப்பன் வீட்டுக்கு முன்பக்கத்தில் மாவு மில். ரிக் வண்டியை விற்று அவர் மனைவி துளசிமணி வைத்தது. கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்ததால் அவளே வாசலுக்கு வந்து அழைத்துப் போனாள். ஐம்பதை நெருங்கும் வயது. புருவத்திலும் காதோரத்திலும் மாவு படிந்து, நரை எது மாவு எது என்று தெரியவில்லை.

மில்லுக்குள் தராசுக்குப் பின்னால் கனத்த உடம்போடு ஒருவர் நின்றிருந்தார். முறுக்கு மீசை, கறுத்த கை, காதுக்குப் பின்னால் தழும்பு. அறவாழி ஒல்லி, மீசை வைத்ததே இல்லை. சுடர்க்கொடிக்கு ஒரு நிமிடம் பெரிய நிம்மதியாக இருந்தது. யாரோ ஒரு மனிதர், அவ்வளவுதான்.

"வாங்க அம்மிணி. கம்பெனிக்காரங்களா? சித்தே இருங்க, இந்த மொளகாய அரச்சுக் குடுத்துட்டு வந்தர்றேன்" என்றார் சென்னியப்பன்.

மிளகாய் நெடி ஏறி அவளுக்குத் தும்மல் வந்தது. கண்ணில் நீர் வந்தது. நெடிக்கு வந்த நீரோடு மற்றதும் சேர்ந்துகொண்டு நிற்காமல் வழிய ஆரம்பித்தது. சென்னியப்பன் ஒரு கணம் பார்த்தார். பார்வையை உடனே அவள் முகத்திலிருந்து எடுத்துவிட்டு, எடைக்கல்லைத் துடைத்துக்கொண்டே, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்:

"உங்களுக்குத் தெரியுமுங்களா? எங்கூரு மலை மேல ஒரு ஆடு இருக்குதுங்க. செவ்வாக்கெழமையானா அது ஆருகிட்டயும் பேசாது."

சுடர்க்கொடிக்குக் காது அடைத்தது. மில் ஓடுகிற சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

"மத்த நாள்ல?" என்று கேட்டாள். கேட்டது அவளில்லை, பதினோரு வருடம் குடித்தனம் நடத்திய வாய்.

"மத்த நாளும் பேசாதுங்க. ஆனா செவ்வாக்கெழமை வேணும்னே பேசாது."

அறவாழிக்கு எதிரே ஒருவர் அழுதால் தாங்காது. ஆறுதல் சொல்லவும் வராது. முகத்தைப் பார்க்காமல், சிரிக்காமல், இப்படி எதையாவது உளறிவைப்பான். மன்னார்குடிக் குளத்தில் நீச்சல் தெரியாத மீன், தபால்பெட்டிக்குள் வாடகைக்கு இருக்கும் பல்லி. அவள் அப்பா இறந்தபோதும், குழந்தை தங்காமல் போனபோதும் அவன் செய்ததெல்லாம் அதுதான். ஆறுதலாக இருந்ததும் அது ஒன்றுதான். இப்போது அதே உளறல் வேறொருவர் வாயிலிருந்து, வேறு ஊர்ப் பேச்சில், ஒரு மீசைக்குக் கீழிருந்து வந்தது. சந்தோஷமா பயமா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மயிர்க்கூச்செறிந்தது. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

துளசிமணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். "உள்ள வாங்க, காப்பி போடறேன்" என்று அவளைச் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போனாள்.

துளசிமணி அடுப்பில் பாலை வைத்தாள். அப்புறம் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"அம்மிணி, நான் ஒண்ணு கேட்டா பைத்தியம்னு நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"அது என்ற வூட்டுக்காரரு இல்லீங்க."

சுடர்க்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவரு எப்பிடிப்பட்ட ஆளுன்னா, பத்து பேரு கூடி நின்னா பத்து பேருத்தையும் வைவாருங்க. சோத்துல ஒரு கல்லு கெடந்தா தெருவுக்கே கேக்கும். காசு குடுன்னா என்னமோ கிட்னியக் கேட்ட மாதிரி பாப்பாரு. நானும் சும்மா இருக்க மாட்டேன், பதிலுக்குப் பதில் குடுப்பேன். ரண்டு பேரும் நாளு பூரா சண்ட போட்டுட்டு, பொறவு அவரே போயி பன்னு வாங்கிட்டு வந்து வெச்சுட்டு, எதுவுமே நடக்காத மாதிரி ஒக்காந்திருப்பாரு. அடிபட்டு எந்திரிச்சதுல இருந்து ஒரு வார்த்த வையலீங்க. கோவமே இல்ல. நான் வேணும்னே சோத்துல கல்லு போட்டுக்கூட பாத்துட்டனுங்க. எடுத்து ஓரமா வெச்சுட்டு, இது ரசத்துல மொளச்ச கல்லாட்ட இருக்குது, அப்பிடீங்கறாரு."

துளசிமணி சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

"நல்லவருங்க. ஒரு கொற சொல்ல முடியாது. அதுதானுங்க பயமா இருக்குது. தூங்கறப்ப மூச்சுச் சத்தம் அவருதுதான். எம்பட ஆளு வந்துட்டாருன்னு நெனச்சுட்டே படுத்திருப்பேன். கண்ணத் தொறந்து என்னப் பாத்தாருன்னா, வேற ஆரோ பாக்கறாங்க. ஆறு வருசமா நான் தனியாத்தான் பாய் போட்டுப் படுக்கறனுங்க. அந்தப் பக்கம் போக கூசுது. டாக்டருகிட்ட சொன்னா, அடிபட்டா ஆளு மாறுவாங்கம்மாங்கறாரு. மாமியாக்காரி, மகராசனாட்ட ஆயிட்டான் என்ற பையன், உனக்குக் கொழுப்புங்கறாங்க. ஆருகிட்டப் போயி சொல்றதுங்க?"

சுடர்க்கொடி இந்த வீட்டுக்கு எதை எதிர்பார்த்து வந்தாள் என்பது அந்த நிமிடம்தான் அவளுக்கே புரிந்தது. இப்போதுதான் நன்றாக இருக்கிறார், எதையும் மாற்றிவிடாதீர்கள் என்று இந்த அம்மாள் சொல்வாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய், பாதையை அந்தப் பொது ஃபோல்டருக்கே காட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது. பச்சை வந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. இதற்கு அனுமதி வாங்கத்தான் அவள் தலைவாரிக்கொண்டு வந்திருந்தாள். தன்னை நினைக்கத் தனக்கே அருவருப்பாக இருந்தது. ஆசையும் விட்டபாடில்லை.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க சொல்றது சரிதான்" என்றாள்.

துளசிமணி அடுப்பை அணைத்தாள்.

"எப்படிச் சொல்றது... ஒரு தெருவுல எல்லா வீட்டுக்கும் ஒரே பேருன்னு வச்சுக்குங்க. எங்க மெஷின் உங்க வீட்டுக்காரரைத் தேடி வந்துச்சு. தப்பான கதவ தட்டிச்சு. அது காலி வீடு. திரும்பிப் போகாம, அடுத்து எந்தக் கதவு திறந்திருக்கோ அங்க போய், இருந்தவரைக் கூட்டிட்டு வந்திடுச்சு. உங்க வீட்டுக்காரர் இன்னொரு கதவுக்குப் பின்னால இருக்கார். பத்திரமா இருக்கார். யாரும் போய்த் தட்டல. இப்ப புது மெஷின் வந்ததாலதான் எங்களுக்கே தெரிஞ்சுது."

"இருக்கறாரா?" துளசிமணியின் குரல் எழும்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். "கடவுளே, இருக்கறாரா?"

"இருக்கார். நாளைக்கு மாத்திடலாம்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெகு நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இவரு ஆருங்க?" என்றாள்.

"செத்துப்போன ஒருத்தர்."

அதற்கு மேல் சுடர்க்கொடிக்குச் சொல்ல வாய் வரவில்லை. துளசிமணி சற்று நேரம் அவளையே பார்த்தாள். எழுந்து கதவைத் திறந்து, "ஏனுங்க, சித்தே இங்க வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள்.

"வேண்டாம் அக்கா. அவர்கிட்ட எதுக்கு?"

"அவரையும் ஒரு வார்த்த கேக்கோணுமல்லங்க. கேக்காம ஆள அனுப்பறது பாவம்."

அவர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். சுடர்க்கொடி சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு, அலுவலகக் கூட்டத்தில் பேசுவதுபோல் சொன்னாள். அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கப் பயந்தாள்.

சென்னியப்பன் உள்ளங்கையில் ஒட்டிய மாவை மெதுவாக உருட்டி எடுத்தார்.

"அப்ப நானு செத்துப் போயிருவனுங்களா?"

அவள் இன்னும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரே புரிந்துகொண்டார்.

"ஓ. ஏற்கெனவே போனவருதானுங்களா நானு?" சிரித்தார். "அப்ப ஆறு வருசமா ஓசியிலதான் ஓட்டியிருக்கறேன்."

மில் வாசலில் யாரோ கோதுமை வைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள்.

"பஸ்ஸுல ஒருத்தன் துண்டு போட்டு வெச்ச சீட்டுல தெரியாம ஒக்காந்துட்டம்னு வெச்சுக்குங்க. அவன் வந்து நின்னா என்ன பண்ணுவம்? எந்திரிச்சுக் குடுக்கோணும். இதுல யோசிக்க என்ன இருக்குதுங்க?" துளசிமணியைப் பார்த்தார். "நீங்களும் பாவம், ஆறு வருசம் ஒரம்பர விருந்துக்கு வந்த மாதிரி என்னப் பாத்துட்டீங்க. ஒரு நா மொகம் சுளிக்கல."

துளசிமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

எழுந்து வாசல் வரை போனவர் நின்றார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார். "அந்தாளுக்கு வூட்டுல ஆராச்சும் இருந்தாங்களா அம்மிணி?"

"இருந்தாங்க."

"அவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க. ஆளு இங்க நல்லாத்தான் இருந்தாருன்னு."

அவர் கோதுமையை வாங்கி எடை போடப் போய்விட்டார். அது அறவாழிதான். சந்தேகமே இல்லை. வேறு யாராக இருந்தாலும் என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியிருப்பார்கள். எவனை விடக்கூடாது என்று அவள் வந்தாளோ அவனேதான் எழுந்து இடம் கொடுத்துவிட்டுப் போகிறான். எப்போதும் போல அவளைக் கேட்காமல். அவளுக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஹபீப் அவள் மேசைக்கு வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பழைய சர்வரை இன்னைக்கு அணைக்கிறாங்க. அந்த ஃபைல் வேணும்னா ஒரு காப்பி எடுத்துக்க. நான் பாக்கல."

"எடுத்து எதுல ஓட்டறது, ஹபீப்?"

ஹெட்டரை வைத்துக்கொள்ளலாம். அது ஆளாக ஒரு மூளை வேண்டும். அந்த மூளைக்குச் சொந்தக்காரர் மு. சென்னியப்பன் என்ற ஃபோல்டரில் ஆறு வருடமாகக் காத்துக் கிடக்கிறார்.

சுடர்க்கொடி பாதையை மாற்றினாள். பொத்தானை அழுத்தும்போது ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. அழுத்திவிட்டாள். திரையில் வரிகள் ஓடின. பச்சை வந்தது. மாடி முழுக்கக் கைதட்டினார்கள். கடைசிச் சிவப்பும் போய்விட்டதல்லவா? கெடு முடிந்தால் குழுவுக்கு முட்டை பஃப்ஸ் வாங்கித் தருவது அங்கே வழக்கம். அவளுக்கும் ஒன்று வந்தது. சூடாக இருந்தது. யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காக முழுவதையும் தின்றாள்.

அன்று பிற்பகல் ஈரோட்டு மருத்துவமனையில் சென்னியப்பனின் சில்லில் புதிய பில்டை ஏற்றினார்கள். சனிக்கிழமை மதியம் துளசிமணி போன் செய்தாள்.

"அம்மிணி, சத்தம் கேக்குதுங்களா?"

கேட்டது. மில் சத்தத்தையும் மீறி ஓர் ஆண் குரல். அதே தொண்டைதான். ஆனால் அந்தக் குரலை சுடர்க்கொடி அதற்குமுன் கேட்டதே இல்லை.

"ரிக் வண்டிய எவனக் கேட்டு வித்தேன்னு குதிக்கறாருங்க. மாவு மில்லுல நிக்க நான் என்ன பொட்டச்சியாங்கறாரு. காலைல இருந்து வாய மூடலீங்க." துளசிமணி சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நானும் ரண்டு குடுத்தேன். ஆறு வருசத்துக்கும் சேத்துக் குடுத்தேன்."

"சந்தோஷம் அக்கா."

"ஆமாங்க." அவள் நிறுத்தினாள். எங்கோ நகர்ந்து போகிற சத்தம், ஒரு கதவு சாத்துகிற சத்தம். "இவரு வந்துட்டாரு. அவரு போயிட்டாருங்களே."

சுடர்க்கொடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கூசுதுன்னுதான் சொன்னேன். பொய்யில்லீங்க. ஆனாலும் ஆறு வருசம் என்ற கையில சோறு தின்ன மனுசன். நேத்து ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்ப தராசத் தொடச்சு வெச்சுட்டு, வாரேங்கன்னுகூட சொல்லலீங்க. வர மாட்டம்னு தெரியுமே. நான் பாட்டுக்கு இங்க சிரிச்சுட்டு இருந்தா ஆகுமுங்களா? அவருக்கும் ஒரு பேரு இருக்குமல்ல?"

"அறவாழி."

"உங்க வூட்டுக்காரருதானுங்களே?"

"ஆமா அக்கா."

"நீங்க அவரப் பாத்த பார்வையிலயே நெனச்சேன். கேக்க தைரியம் வரலீங்க. கேட்டா நான் மனசு மாறிப்போட்டா என்ன பண்றதுன்னு பயம்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க, உங்க பக்கத்துல என்ன மொறைங்க? காரியம் பண்ணோணுமே. நான் என்ன செய்யோணும்?"

"எங்க வீட்ல சடங்கு எதுவும் கிடையாது அக்கா. அவருக்குப் பிடிக்காது. போன தடவ படத்தத் திறந்து வச்சு நாலு பேர் பேசினாங்க, அவ்வளவுதான். வந்தவங்களுக்கு நான் காபி குடுத்துட்டு இருந்தேன்."

"அழுகலீங்களா?"

"இல்ல."

"சடங்கு வேண்டாம்னா உடுங்க. அழுகறதுக்கு ஆளு வேணுமல்லங்க? இங்க நான் ஒக்காந்து அழுதா இவரு எதுக்குடீம்பாரு. நான் என்னத்தச் சொல்றது? நாளைக்கு நான் அங்க வர்றனுங்க. ரண்டு பேரும் சித்தே நேரம் ஒக்காந்திருக்கலாம்."

சுடர்க்கொடிக்கு வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் என்ன வரும் என்று தெரிந்தது. அலுவலகத்துக்குப் போய்க்கொண்டும், லிஃப்டுக்குக் காத்துக்கொண்டும், சிவப்பைப் பச்சையாக்கிக்கொண்டும் ஆறு வருடமாக அவள் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் தொண்டைக்கு வந்துவிட்டது.

"காந்திபுரத்துல இறங்கி அங்கயே நில்லுங்க அக்கா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றவள், முடிக்கும் முன்பே உடைந்து சத்தமாக அழுதாள்.

துளசிமணி போனை வைக்கவில்லை. அந்த முனையில் கதவு திறந்தது. "போன்ல ஆருடி? எவ அழுகறா?" என்று சென்னியப்பன் அதட்டினார்.

"கத்தாதீங்க" என்றாள் துளசிமணி. "நம்ம சொந்தத்துல ஒரு சாவுங்க."